ஐந்து சீட்டும் ஒரு முகமும்

2024 ஆகஸ்டில் ஜப்பானின் கொடான்ஷா பதிப்பகம் 'ஃபேரி டெயில்: டஞ்சன்ஸ்' என்றொரு கணினி விளையாட்டை வெளியிட்டது. மூலக்கதை, ஹிரோ மாஷிமா 2006 முதல் 2017 வரை வார இதழில் வரைந்து 63 தொகுதிகளாக வந்த மாங்கா. சத்தமும் ஆர்ப்பாட்டமும் நிறைந்த உலகம் அது. மந்திரவாதிகளின் சங்கம் ஒன்று. நெருப்பையே தின்று நெருப்பையே உமிழும் நாட்சு. சண்டைக்குச் சண்டை சரியும் கட்டடங்கள். இப்படியொரு கதையை விளையாட்டாக்கச் சொன்னால் ஓட்டமும் அடிதடியுமாக ஏதோ வரும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கினோலாபோ என்ற சுயாதீனக் குழு வேறு வழியில் போனது. ஒரு நிலவறை, அதில் அளந்து வைத்து நடக்க வேண்டிய அடிகள், போகப் போகச் சேர்த்துக்கொள்ளும் ஒரு சீட்டுக்கட்டு, அவ்வளவுதான். நாட்சுவின் நெருப்பு கையில் ஒரு சீட்டாக இருக்கிறது. அதை இப்போது இறக்குவதா, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வதா என்று ஆடுபவர் வெகுநேரம் யோசிக்கிறார்.

இதுபோன்றவை இன்று ஏராளம். தென்கொரியாவின் 'குரோனோ ஆர்க்', ஜப்பானியத் 'தோஹோ' உலகை வைத்துச் சீனக் குழுவொன்று உருவாக்கிய 'லாஸ்ட் பிராஞ்ச் ஆஃப் லெஜண்ட்', தாமஸ் மூன் காங்கின் 'ஒன் ஸ்டெப் ஃபிரம் ஈடன்' என்று பட்டியல் நீள்கிறது. இவற்றின் ஈர்ப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், அழகான படங்கள் இருக்கின்றன என்பது. ஒருவர் ஏன் வாங்குகிறார் என்பதற்கு அது ஓரளவு விடைதான். வாங்கியவர் ஏன் ஒரே நிலவறைக்குள் நூறு தடவை இறங்குகிறார் என்பதற்கு அது விடையாகாது. என் வாதம் இது: அனிமேவும் சீட்டுக்கட்டு விளையாட்டும் சந்திப்பதற்கு முன்பே இரண்டும் ஒரு பாத்திரத்தை ஒரே முறையில்தான் உருவாக்கிவந்தன. ஓர் ஆளைத் துண்டுகளாகப் பிரித்து, அந்தத் துண்டுகளைத் திரும்பத் திரும்பக் காட்டி, அந்தத் திரும்பலிலேயே அவரை நமக்கு நெருக்கமாக்குவது அந்த முறை.

முதலில் விளையாட்டின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிடலாம். 1980இல் மைக்கேல் டாயும் க்ளென் விச்மனும் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய 'ரோக்' ஒவ்வொரு தடவையும் புதிதாக அமையும் நிலவறையைத் தந்தது. அதில் செத்தால் செத்ததுதான். மறுபடி முதல் தளத்திலிருந்து தொடங்க வேண்டும். ஆடுபவர் திரையில் வெறும் '@' குறி. அரக்கர்கள் 26 ஆங்கிலப் பெரிய எழுத்துகள். மற்றொரு பக்கம், 2008இல் டொனால்ட் வக்காரினோ வடிவமைத்த 'டொமினியன்' மேசையில் ஆடும் சீட்டாட்டத்துக்கே புதுப் பாதை போட்டது. ரம்மியில் கட்டு எல்லாருக்கும் பொது. விழுந்த சீட்டை வைத்துச் சமாளிக்க வேண்டும். டொமினியனில் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டு உண்டு. ஏழு செப்புக் காசுகளும் மூன்று பண்ணைகளுமாகப் பத்து வலுவற்ற சீட்டுகளோடு தொடங்கி, ஆட்டத்தின் போக்கிலேயே கட்டை வளர்த்துக்கொள்ள வேண்டும். கட்டை உருவாக்குவதே ஆட்டம் என்றானது அங்கேதான். அடுத்த ஆண்டே ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது அதற்குக் கிடைத்தது.

இந்த இரண்டையும் ஒன்றாக முடிந்தவர்களில் முன்னோடி பீட்டர் வேலன். 2014இல் வந்த அவருடைய 'ட்ரீம் குவெஸ்ட்' பள்ளிக் குழந்தை கிறுக்கியதுபோன்ற படங்களைக் கொண்டது. படங்கள் எப்படியிருந்தாலும் விதிகளின் வலுவே ஆட்களைப் பிடித்து வைக்கும் என்பதை அது காட்டியது. மெகா கிரிட் நிறுவனத்தின் ஆண்டனி ஜியோவன்னெட்டியும் கேசி யானோவும் 2017இல் முன்னோட்டமாகவும் 2019இல் முழுமையாகவும் வெளியிட்ட 'ஸ்லே த ஸ்பையர்' இந்த வகைக்கு இலக்கணமாகவே ஆகிவிட்டது. முறைக்கு ஐந்து சீட்டு, மூன்று அலகு ஆற்றல். எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே தெரியும். சண்டை முடிந்ததும் மூன்று புதுச் சீட்டுகள் காட்டப்படும். ஒன்றை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம்.

அந்த 'எடுக்காமலும் போகலாம்' என்பதில்தான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது. கணக்கு எளிது. கட்டில் பத்துச் சீட்டு இருந்து ஐந்து கைக்கு வந்தால், குறிப்பிட்ட ஒரு சீட்டு முதல் கையிலேயே வர வாய்ப்பு இரண்டில் ஒன்று. கட்டு இருபதானால் அது நான்கில் ஒன்றாகச் சுருங்கும். ஒன்றையொன்று தாங்கும் இரண்டு சீட்டுகள் சேர்ந்து வர வேண்டுமென்றால் சரிவு இன்னும் கடுமையானது: பத்துச் சீட்டுக் கட்டில் 22 விழுக்காடு, இருபதில் 5 விழுக்காடுதான். ஆகவே நல்ல சீட்டு என்று தனியாக ஒன்று கிடையாது. இந்தக் கட்டுக்கு நல்ல சீட்டு என்பதுதான் உண்டு. டொமினியனில் நான்கு சீட்டுகள்வரை அழிக்கவிடும் 'சாப்பல்' மலிவான சீட்டாக இருந்தும் அடிப்படைத் தொகுப்பின் வலிமையான சீட்டுகளில் ஒன்றாகக் கருதப்படுவது இதனால்தான். ஸ்பையரின் கடைக்காரரிடம் காசு கொடுத்து ஒரு சீட்டை நீக்கிக்கொள்ளலாம். முதல் தடவை 75 பொற்காசு. ஒவ்வொரு நீக்கத்துக்கும் 25 கூடும். காசு கொடுத்து எதையாவது இழப்பதை இவ்வளவு ஆவலோடு செய்யவைக்கும் விளையாட்டு வேறு ஏதும் என் நினைவுக்கு வரவில்லை.

இனி முகத்துக்கு வருவோம். நிலவறைக்குள் முகம் நுழைந்தது சீட்டு நுழைவதற்கு வெகுமுன்பு, ஜப்பானில். 1993இல் சுன்சாஃப்ட் நிறுவனம் 'ரோக்'கின் விதிகளை எடுத்து, 'டிராகன் குவெஸ்ட் 4'இல் வந்த தொப்பை பெருத்த வணிகர் டோர்னேகோவை அதன் நாயகனாக்கியது. அவருக்கு மனைவியும் மகனும் உண்டு. நிலவறையிலிருந்து அவர் கொண்டுவரும் பொருள்களால் அவருடைய கடை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகும். '@' குறி செத்தபோது ஆடுபவருக்கு வந்தது எரிச்சல். டோர்னேகோ வெறுங்கையோடு வீடு திரும்பும்போது வந்தது வேறொன்று. வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்து எழும் ஒரு சங்கடம். விதிகள் ஏறக்குறைய அதே விதிகள்தாம். தோல்வியின் எடை மட்டும் மாறிவிட்டது. இன்றைய அனிமே நிலவறை விளையாட்டுகளின் தொடக்கத்தை நான் இங்கேதான் வைப்பேன்.

சீட்டும் ஜப்பானில் தனி வழியில் வந்து சேர்ந்தது. காப்காமின் 'ராக்மேன் எக்ஸே' 2001இல் வந்தது. ஆங்கிலத்தில் 'மெகா மேன் பேட்டில் நெட்வொர்க்'. அதில் முப்பது சில்லுகள் கொண்ட ஒரு கோப்புறையை ஆடுபவரே அடுக்கிக்கொள்வார். சண்டையின் நடுவே அவற்றிலிருந்து சில கைக்கு வரும். ஒன்பது கட்டங்களுக்குள் ஓடியபடியே அவற்றை எய்ய வேண்டும். 2020இல் வந்த 'ஒன் ஸ்டெப் ஃபிரம் ஈடன்' இந்த மரபின் வெளிப்படையான வாரிசு.

ஆனால் இந்த வரலாற்றில் நிதானமாக நின்று பார்க்க வேண்டிய படைப்பு 2004இல் கேம் பாய் அட்வான்ஸில் வந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்: செயின் ஆஃப் மெமரீஸ்'. டொமினியனுக்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. சோரா என்ற சிறுவன் ஒரு கோட்டைக்குள் ஏறுகிறான். தளம் தளமாக மேலே போகப் போக அவன் நினைவுகள் ஒவ்வொன்றாக அவனைவிட்டு நழுவுகின்றன. அந்தக் கோட்டையில் எல்லாமே சீட்டு. கதவைத் திறந்து அடுத்த அறை எப்படி இருக்கும் என்று முடிவுசெய்வது சீட்டு, வாள் வீச்சு சீட்டு, மருந்தும் சீட்டு. ஒவ்வொன்றிலும் 0 முதல் 9 வரை ஓர் எண். பெரிய எண் சிறியதை முறிக்கும். பூஜ்யம் எதையும் முறிக்கும், ஆனால் எதனாலும் முறிபடும். மூன்று சீட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய தாக்குதலாக எய்யலாம். அப்படிச் செய்தால் அந்த மூன்றில் முதலாவது சீட்டு அந்தச் சண்டை முடியும்வரை திரும்பக் கிடைக்காது. வலிமையைக் காட்டும் ஒவ்வொரு தருணத்திலும் கையிருப்பு குறைகிறது. நினைவை இழக்கும் சிறுவனின் கதையை வசனத்தைவிட இந்த ஒரு விதி நன்றாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன். பாத்திரத்தின் நிலை விதியாகவே மாறியிருப்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

அனிமே ஏன் இவ்வளவு இயல்பாகச் சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு அதன் தொழில் வரலாற்றிலும் ஒரு விடை உண்டு. 1963 ஜனவரி 1 அன்று ஃபுஜி தொலைக்காட்சியில் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' தொடங்கியது. வாரம் ஓர் அத்தியாயம், கையில் இருந்த பணமோ சொற்பம். அசையும் படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அசையாத ஒரு படத்தின் மேல் ஒளிப்படக் கருவியை நகர்த்தினார்கள். ஒருமுறை வரைந்த காட்சித் துண்டுகளைச் சேமித்து வைத்து வேறு அத்தியாயங்களில் மறுபடி பயன்படுத்தினார்கள். சேமிப்புக் கிடங்கைக் குறிக்கும் 'பேங்க்' என்ற பெயர் இந்த முறைக்கு நிலைத்தது. சிக்கனத்துக்காகப் பிறந்த வழக்கம் காலப்போக்கில் அழகியலாக மாறியது. மாயச் சிறுமி உருமாறும் காட்சி, நாயகனின் உச்சத் தாக்குதல் ஆகியவை ஒவ்வொரு வாரமும் அதே படங்களோடு வந்தன. பார்வையாளர்கள் சலிக்கவில்லை, அந்தத் துண்டு எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்கினார்கள்.

சீட்டு என்பது ஏறக்குறைய இந்தச் சேமிப்புக் காட்சிதான். அசையாத ஒரு படம், அதற்கொரு பெயர், அதே விளைவு, எப்போது வரும் என்ற காத்திருப்பு. அனிமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஐம்பதாவது தடவை அதே படம் மின்னும்போதும் அது நிகழ்வாகவே படுகிறது. வெறும் மறுபதிப்பாகத் தோன்றுவதில்லை. இதில் ஒரு நடைமுறை ஆதாயமும் உண்டு. முப்பரிமாண உருவங்களை ஓடவைத்துக் குதிக்கவைக்கப் பெருநிறுவனப் பணம் வேண்டும்; சீட்டுக்கு நல்ல ஓவியம் ஒன்று போதும். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள் கொண்ட குழுக்கள் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்ததற்கு இது முக்கியக் காரணம்.

துண்டுகளாகப் பாத்திரத்தைப் பார்ப்பது பற்றி ஜப்பானிய விமர்சகர் ஹிரோகி அசுமா 2001இல் எழுதிய நூல் இங்கே உதவும். அனிமே ரசிகர்கள் ஒரு பெருங்கதையைத் தேடுவதைவிட, பூனைக்காது, மணி, பணிப்பெண் உடை, குறிப்பிட்ட தலைமுடி போன்ற கூறுகளைத் தேடுகிறார்கள்; அந்தக் கூறுகளின் பொதுக் களஞ்சியத்திலிருந்து பாத்திரங்கள் கோக்கப்படுகின்றன என்பது அவர் வாதம். 1998இல் ஒரு கடையின் விளம்பரச் சின்னமாகப் பிறந்த 'டி ஜி சாரட்' அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு; பின்னணிக் கதையே இல்லாமல் பிறந்து, கூறுகளின் கூட்டாகவே பிரபலமான சிறுமி.

அசுமாவின் பார்வையை நான் பாதிதான் ஏற்கிறேன். கூறுகளின் கூட்டு என்பது உண்மை. ஆனால் கூட்டு என்பதாலேயே அது வெறுமையானது என்ற தொனி அவரைப் படிப்பவர்களிடம் படிந்துவிடுகிறது. சீட்டுக்கட்டு விளையாட்டு அந்தத் தொனியை மறுக்கிறது. 2019 இறுதியில் முன்னோட்டமாக வந்து 2024இல் நிறைவுபெற்ற 'குரோனோ ஆர்க்'கை எடுத்துக்கொள்ளுங்கள். லூசி என்ற சிறுமி, சிதைந்த உலகை மீட்கக் காலத் துணுக்குகளைத் தேடி மறுபடி மறுபடி அதே நிலத்துக்குள் இறங்குகிறாள். இருவரோடு தொடங்கும் அவள் குழு நால்வர்வரை பெருகும். எல்லாருடைய சீட்டுகளும் ஒரே கட்டில் கலந்திருக்கும். ஒவ்வொரு சீட்டும் யாருடையது என்பது தெரியும். யாரைச் சேர்க்கலாம் என்று முடிவெடுக்கும்போது பலரும் முதலில் முகத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். பத்துச் சண்டை கழிந்தபின், சேர்த்தவளை அவர்கள் அறியும் விதமே மாறியிருக்கும்: தாமதமாகத்தான் உதவுவாள், ஆனால் உதவினால் எல்லாரையும் காப்பாற்றுவாள், அவளோடு இன்னாரைச் சேர்த்தால் இருவரும் தடுமாறுவார்கள். இது பழகியவர்களைப் பற்றி நாம் வைத்திருக்கும் அறிவு. கதாசிரியர் யாரும் சொல்லித் தராமல், தோற்றுத் தோற்றுச் சேர்த்தது. கூறுகளின் கூட்டு ஆளாக மாறும் இடம் அதுதான்.

தோஹோ உலகில் இந்தப் பொருத்தம் இன்னும் ஆழம். ஸுன் என்ற புனைபெயரில் தனி ஒருவர் உருவாக்கிவரும் அந்தத் தொடரில், 2002இல் வந்த ஆறாவது ஆட்டம் முதல் 'ஸ்பெல் கார்டு' விதி இருக்கிறது. சண்டையிடுபவர் தன் தாக்குதலுக்குப் பெயர் சூட்டி, அதை அறிவித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அழகும் அதில் ஒரு பகுதி. தோஹோ அடிப்படையில் தோட்டாமழைக்கு நடுவே விரல் வேகத்தால் பிழைக்கும் விளையாட்டு. இருந்தும் அந்த ஆறாவது ஆட்டம் முதல் அதன் பாத்திரங்கள் பெயரிட்ட சீட்டுகளின் வரிசையாகத்தான் அறிமுகமானார்கள். 2022இல் முன்னோட்டமாக வந்த 'லாஸ்ட் பிராஞ்ச் ஆஃப் லெஜண்ட்' அவர்களை நிலவறைச் சீட்டாட்டத்துக்குக் கொண்டுபோனபோது எதையும் வலிந்து ஒட்டவைக்க நேரவில்லை. ரசிகர் படைப்புகளைத் தாராளமாக அனுமதிக்கும் ஸுனின் கொள்கை இல்லாமல் இது நடந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மிச்சமிருப்பது சாவு. 2004இல் ஹிரோஷி சகுராசாகா எழுதிய 'ஆல் யூ நீட் இஸ் கில்' நாவலில் ஒரு படைவீரன் போர்க்களத்தில் செத்து, அதற்கு முந்தைய நாளில் மறுபடி கண்விழிக்கிறான். திரும்பத் திரும்ப. 2007இல் அசுமா எழுதிய மற்றொரு நூல் இந்த நாவலை விரிவாக ஆராய்கிறது; விளையாட்டை ஆடிய அனுபவமே கதையின் யதார்த்தமாகிவிட்டது என்கிறார் அவர். 2011இல் வந்த 'மடோகா மேஜிகா'வின் ஹோமுரா, தோழியைக் காப்பாற்ற அதே மாதத்தை மறுபடி மறுபடி வாழ்கிறாள். தாப்பேய் நகாட்சுகியின் 'ரீ:ஸீரோ'வில் சுபாரு செத்தால் பழைய இடத்துக்குத் திரும்புகிறான். அவன் உடலில் எதுவும் கூடுவதில்லை, கையில் புது ஆயுதம் இல்லை, அவனைச் சுற்றியிருப்பவர்களுக்கு எதுவும் நினைவில்லை. நினைவு அவனிடம் மட்டும் எஞ்சுகிறது.

நிலவறைச் சீட்டாட்டம் ஆடுபவரின் நிலையும் அச்சாக இதுவே. செத்ததும் கட்டு கலைந்துபோகிறது. திரையிலிருக்கும் சிறுமி முதல் தளத்தில் அதே பலவீனமான சீட்டுகளோடு, எதுவும் நடக்காததுபோல் நிற்கிறாள். மூன்றாம் தளத்தில் என்ன காத்திருக்கிறது, எந்தச் சீட்டை நம்பி மோசம் போனோம் என்பதெல்லாம் ஆடுபவருக்கு மட்டும் தெரியும். அவளுக்காக அவர் ஒன்றைச் சுமக்கிறார். 'ரோக்' காலத்து '@' குறிக்கும் இதே விதிதான் இருந்தது. ஆனால் ஒரு குறிக்காக யாரும் எதையும் சுமப்பதில்லை. அனிமே கொடுத்த முகமும், சுழற்சிக் கதைகள் பழக்கிய உணர்வும் சேர்ந்துதான் அந்த விதியைக் கருணையாக மாற்றின. இந்த விளையாட்டுகளைச் சூதாட்டப் பித்தோடு ஒரே வரியில் வைத்துப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லாததற்கும் இதுவே காரணம். சூதில் கழிந்த கைகளின் நினைவு அடுத்த கைக்கு உதவாது. இங்கே அது ஒன்றுதான் உதவுகிறது.

இந்தக் கூட்டணியில் முரண்பாடும் உண்டு. சிறுவர் மாங்காவின் மரபு பெருக்கத்தின் மரபு. நாயகன் ஒவ்வொரு எதிரியிடமிருந்தும் ஏதாவது கற்கிறான், தோழர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், எதுவும் விட்டுப்போவதில்லை. கட்டு கோக்கும் கலையோ கழித்தலின் கலை. ஃபேரி டெயில் சங்கத்தின் உணர்வு எல்லாரும் வேண்டும் என்பது. நல்ல கட்டின் இயல்போ வேண்டாததைத் தள்ளுவது. பல அனிமேச் சீட்டு விளையாட்டுகள் இந்த இடத்தில்தான் நொண்டுகின்றன. சீட்டுகளை வாரி வழங்கி, வளர்ச்சி என்ற மகிழ்ச்சியைக் கொடுத்து, தேர்வின் கூர்மையை மழுக்கிவிடுகின்றன.

பணம் நுழையும்போது முரண்பாடு கூர்மையாகிறது. 2025 அக்டோபரில் தென்கொரியாவின் ஸ்மைல்கேட் வெளியிட்ட 'கேயாஸ் ஸீரோ நைட்மேர்' இந்த வகையைக் 'கச்சா' என்ற முறையோடு இணைத்தது. பாத்திரங்களைக் குலுக்கலில் பெற வேண்டும். அதில் பாராட்டத்தக்கவை உண்டு. அடிபட அடிபடப் பாத்திரங்களின் மன அழுத்தம் ஏறி அவர்கள் நிலைகுலைவது, விதியும் உணர்வும் ஒன்றாகும் நல்ல முயற்சி. ஆனால் நிலவறையில் உருவான கட்டு அங்கே கலைவதில்லை. அது சேமிக்கப்பட்டு வேறு சண்டைகளுக்கும் பயன்படும் சொத்தாகிறது. நல்ல சேமிப்பு ஒன்று கிடைக்கும்வரை அதே நிலவறையைச் சுரண்ட வேண்டிய கட்டாயம் பிறக்கிறது. அந்தப் பயணத்தின் விசித்திரமான, இனி ஒருபோதும் அமையாத கட்டை ரசிப்பதற்குப் பதிலாக அதை மதிப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். கச்சாவின் வருமானம் சேர்ப்பதில் இருக்கிறது, இந்த விளையாட்டின் சுவை இழப்பதில் இருக்கிறது. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்தால் சேர்ப்புதான் வெல்லும் என்று அஞ்சுகிறேன்.

எனக்கு நம்பிக்கை தருபவர்கள் ரசிகர்கள். 'ஸ்லே த ஸ்பையர்' மாற்றங்கள் செய்ய இடம்கொடுத்ததும், தாங்கள் நேசிக்கும் அனிமேப் பாத்திரங்களை அந்தக் கோபுரத்துக்குக் கொண்டுவரும் கூட்டம் ஒன்று பல நாடுகளிலும் கிளம்பியது. பைசா வாங்காமல் செய்கிறார்கள். ஒருத்தியைக் கொண்டுவர முகத்தை வரைந்தால் மட்டும் போதாது. ஸ்பையரின் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 75 சீட்டுகள் உண்டு. அதே அளவுக்கு இவளுக்கும் எழுத வேண்டும். அவளுடைய முதல் பத்துச் சீட்டுகள் எவை? எது அவளுக்குச் சாதாரணம், எது அரிது? அவள் பலம் தன் உயிரைக் கொடுத்து வருவதா, பொறுத்திருந்து வருவதா? எந்தச் சீட்டை ஆடுபவர் எப்போதும் நீக்கிவிட நினைப்பார், அது அவளுடைய எந்தக் குணம்? மன்றங்களில் அவர்கள் இரவெல்லாம் வாதிடுவது இதைப் பற்றித்தான். ஓர் ஆற்றல் புள்ளியைக் குறைத்தால் அவள் அவளாக இருப்பாளா என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் மூலக்கதையின் ஒரு காட்சியை எடுத்துக்காட்டி, இருக்கமாட்டாள் என்று மறுக்கிறார்.